கதவு மூடிய பிறகு: பாலர் வகுப்பில் ஒரு நோவா பாடம்

ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு தாய் என்னிடம் வந்தார். "டீச்சர், ஒரு விஷயம் கேட்கணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அவருடைய நாலரை வயது மகள் என் பாலர் வகுப்பில் படிப்பவள். மூன்று வாரமாக அவள் வகுப்புக்கு வரவில்லை. சளி, காய்ச்சல் என்று ஏதாவது இருக்கும் என நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லை. அவள் வர மறுக்கிறாள். மழைச் சத்தம் கேட்டாலே ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நான் நல்ல பிள்ளையா, கெட்ட பிள்ளையா?" என்று கேட்கிறாள். நல்ல பிள்ளைதான் என்று சொன்னால் விடுவதில்லை. "நேத்து தம்பியைத் தள்ளிவிட்டேனே, அதுக்கு அப்புறமுமா?" என்று அடுத்த கேள்வி வருகிறது.

அந்தத் தாய் என்மேல் குறை சொல்லவில்லை. வகுப்பில் ஏதாவது நடந்ததா என்று மட்டும்தான் கேட்டார். "ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொல்லி அனுப்பினேன். அப்படித்தான் நம்பவும் செய்தேன். அந்தப் பதில் தவறு என்று புரிய எனக்குப் பத்து நாள் ஆனது. அதன்பின் ஓர் ஆண்டு முழுக்க எடுத்து வைத்த குறிப்புகளிலிருந்துதான் இந்த ஆய்வை எழுதுகிறேன். அந்தத் தாயிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்காரும் ஒவ்வொருவருக்கும் இது பயன்பட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வகுப்பும் பிள்ளையும்

எங்கள் பாலர் வகுப்பில் 3 முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். வழக்கமாகப் பதினான்கு பேர். இரண்டு ஆசிரியர்கள், உதவிக்கு ஓர் இளைஞர். பெரியவர்களின் ஆராதனையில் பிரசங்கம் நடக்கும் நேரத்தில் சுமார் 45 நிமிடம் வகுப்பு. செய்கையோடு பாட்டு, ஜெபம், மனப்பாட வசனம், ஃபிளானல் போர்டில் (துணி போர்த்திய பலகையில் உருவங்களை ஒட்டி) கதை, கடைசியில் ஒரு விளையாட்டு அல்லது கைவேலை. சுவரில் ஒரு அட்டவணை தொங்கும். வசனம் சொன்னால் ஒரு ஸ்டிக்கர், அமைதியாக உட்கார்ந்திருந்தால் ஒன்று, சொன்னபடி கேட்டால் இன்னொன்று.

அந்த அட்டவணையில் முதல் வரிசை இந்தப் பிள்ளையுடையது. 23ஆம் சங்கீதத்தின் ஆறு வசனங்களையும் தடுக்காமல் சொல்லுவாள். கைகட்டி உட்கார் என்றால் கைகட்டி உட்காருவாள். ஆண்டு விழாவில் மேடையேற்ற முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவளுடையதுதான். நன்றாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

குடும்பத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாய் வந்து கேட்டதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவளுக்குத் தம்பி பிறந்திருந்தான். அதுவரை அம்மாவோடு படுத்தவள் அப்போதுதான் தனிப் படுக்கைக்கு மாற்றப்பட்டிருந்தாள்.

அந்த ஞாயிறு

தாய் வந்து கேட்ட பிறகு பாடக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அவள் கடைசியாக வந்த ஞாயிறு நோவா பாடம்: உலகை அழித்த வெள்ளத்திலிருந்து நோவாவின் குடும்பமும் மிருகங்களும் பேழை என்ற பெரிய மரக்கப்பலில் தப்பிய கதை. நான் எழுதி வைத்திருந்த "பாடத்தின் மையக் கருத்து" இதுதான்: கீழ்ப்படிகிறவர்களைத் தேவன் காப்பாற்றுகிறார்.

கதையை நன்றாகத்தான் சொன்னதாக ஞாபகம். முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம் என்று கையை விரித்துக் காட்டினேன். மிருகங்களை ஜோடி ஜோடியாகப் போர்டில் ஒட்டினோம். யானை ஒட்டும்போது எல்லோரும் பிளிறினார்கள். அப்புறம் நீலத் துணியைக் கீழேயிருந்து மெல்ல உயர்த்தினேன். போர்டின் கீழ்ப்பக்கம் ஒட்டியிருந்த மனித உருவங்கள் ஒவ்வொன்றாகத் துணிக்குள் மறைந்தன. "சொன்னபடி கேட்காத எல்லாரும் தண்ணீரில் போயிட்டாங்க. சொன்னபடி கேட்ட நோவா குடும்பம் மட்டும் உள்ளே பத்திரமாக இருந்தது" என்று சொன்னேன். பிறகு வானவில். பிறகு பாட்டு.

அதோடு விட்டிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காதோ என்னவோ. கடைசிப் பத்து நிமிடம் "பேழை விளையாட்டு". வகுப்பறைதான் பேழை. பிள்ளைகள் எல்லோரும் வராந்தாவில் நிற்க வேண்டும். மழை என்று குரல் கொடுத்ததும் ஓடி உள்ளே வர வேண்டும். ஐந்து எண்ணியதும் கதவு மூடும். வெளியே நிற்பவர்கள் ஆட்டமிழந்தவர்கள்.

உதவிக்கு இருந்த இளைஞரிடம் பிறகு விசாரித்தேன். அவர் நேர்மையாக யோசித்துச் சொன்னார். இரண்டாவது சுற்றில் ஒரே ஒரு பிள்ளை வெளியே மாட்டிக்கொண்டது. அது இவள்தான். அவர் கதவுக்கு உள்ளேயிருந்து விளையாட்டாகச் சொன்னாராம்: "கதவு மூடியாச்சு! இனி யாராலும் திறக்க முடியாது!" உள்ளே எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அரை நிமிடம் கூட இருக்காது, திறந்து உள்ளே கூட்டிவந்துவிட்டார். அவள் அழவில்லை. தன் இடத்தில் போய்க் கைகட்டி உட்கார்ந்தாள். அழாததால் நான் கவனிக்கவே இல்லை.

முதலில் நாங்கள் நினைத்தது

ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோருக்கும் முதலில் தோன்றிய விளக்கம் தம்பிப் பாப்பாதான். புதுக் குழந்தை வந்தால் மூத்தது இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும், நாளானால் சரியாகிவிடும் என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தம்பி பிறந்த முதல் ஐந்தாறு வாரமும் அவள் ஓடி ஓடி வகுப்புக்கு வந்திருக்கிறாள். மழைக்கும் நல்ல பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்பதை அந்த விளக்கத்தால் சொல்ல முடியவில்லை. அந்தச் சம்பந்தத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்.

நாலு வயதுப் பிள்ளை ஒரு கதையை எப்படிக் கேட்கிறது

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்டார். ஆப்பிள் திருடிய ஒரு பையன் தப்பி ஓடும்போது உளுத்துப்போன பாலம் உடைந்து ஆற்றில் விழுகிறான். அவன் திருடாமல் இருந்து அதே பாலத்தில் போயிருந்தால் விழுந்திருப்பானா? சின்ன வயதினரில் பெரும்பாலோர் விழுந்திருக்க மாட்டான் என்றார்கள். பாலத்துக்கே தண்டனை கொடுக்கத் தெரியும் என்பதுபோல. உலகம் அப்படித்தான் நடக்கிறது என்பது அந்த வயதின் நம்பிக்கை. ஆசிரியர் யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இப்போது நான் சொன்ன நோவா கதையை அந்தக் காதால் கேட்டுப் பாருங்கள். கெட்டவர்கள் இருந்தார்கள், அதனால் மழை வந்தது. ஆக மழை வந்தால், யாரோ கெட்டவர். நேற்றுத் தம்பியைத் தள்ளியது யார்? நான்தான். வானவில்லும், இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்ற தேவனுடைய உடன்படிக்கையும் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. வாக்குறுதி என்பது நாளையைப் பற்றிய பேச்சு. மழைச் சத்தமோ இப்போதே ஜன்னலில் கேட்கிறது.

உருவகத்தையும் அவர்கள் அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் சபையில் பேசும் மொழியில் பாதி உருவகம். "இயேசுவை இருதயத்தில் வை" என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்த பிறகு ஐந்து வயதுப் பையன் ஒருவன் நெஞ்சில் கையை அழுத்தி வைத்துக்கொண்டு கண்களை அகலத் திறந்து, "டீச்சர், உள்ளே தட்டுறாரு" என்றான். அவனுக்கு அது சந்தோஷம். இன்னொரு பிள்ளை அதே வார்த்தையைக் கேட்டுவிட்டு, அவர் எப்படி மூச்சு விடுவார் என்று கவலைப்பட்டது. இரத்தத்தால் கழுவப்படுதல் என்ற வார்த்தையைப் பாலர் வகுப்பில் சொல்லும்போது அவர்கள் மனதில் என்ன படம் ஓடுகிறது என்று நான் அதுவரை ஒருமுறையும் கேட்டுப் பார்த்ததில்லை. பெரியவர்களுக்கு அது ஆயிரம் முறை கேட்டு ஆறுதலாகிவிட்ட வார்த்தை. அவர்களுக்கோ முழங்கால் சிராய்ப்பு.

விசுவாசம் வயதோடு எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபௌலர் 1981இல் ஒரு விஷயத்தைக் கவனப்படுத்தினார். சுமார் 3 முதல் 7 வயது வரை பிள்ளைகளிடம் தங்குவது காரண காரியம் அல்ல, படங்களும் அவற்றோடு ஒட்டிய உணர்வுகளும்தான். அவை நெடுங்காலம் நிற்கும். என் வகுப்பில் பதியவைத்த படம் எது? ஒரு மூடிய கதவு. உள்ளே எல்லோரும் சிரிக்கிறார்கள். வெளியே நீ.

இதில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. வேதத்தைத் திரும்ப எடுத்து நிதானமாக வாசித்தேன். "கீழ்ப்படிந்ததால் காப்பாற்றப்பட்டார்கள்" என்று நான் சொன்ன கதையில், வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 6:8 முதலில் சொல்வது நோவாவுக்குக் கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது என்பதைத்தான். நீதிமான் என்பதும், மரம் வெட்டியதும், சொன்னபடி செய்ததும் அதற்கு அடுத்த வரிகளில் வருகின்றன. 7:16இல் கர்த்தர் அவனை உள்ளே விட்டுக் கதவை அடைக்கிறார். அது உள்ளே இருப்பவர்களைக் காக்கிற கை. 8:1இல் நோவாவை மட்டுமல்ல, மிருகங்களையும் அவர் நினைத்தருளுகிறார். இதில் எதையும் நான் சொல்லவில்லை. வகுப்பை அமைதியாக வைத்திருக்க உதவுகிற ஒரு நீதியைக் கதையிலிருந்து பிடுங்கி எடுத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ப எளிமையாக்கினேன் என்று நினைத்தேன். உண்மையில் சுவிசேஷத்தைத் தலைகீழாக்கியிருந்தேன்.

நோவா கதை பாலர் பாடத்திட்டங்களில் இவ்வளவு முன்னால் வருவதற்குக் காரணம் மிருகங்கள்தான் என்று நினைக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுச் சாமான்களை எடுத்து உள்ளே வைத்துவிடும் கிறிஸ்தவ வீடுகளிலும் மரத்தாலான நோவா பேழைக்கு மட்டும் அனுமதி உண்டு, அது வேதாகமப் பொம்மை என்பதால். அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. யானையும் ஒட்டகச்சிவிங்கியும் எட்டிப் பார்க்கிற படகைப் பார்த்ததும் இது குழந்தைக் கதை என்று முடிவு கட்டிவிடுகிறோம். வெள்ளத்தில் ஓர் உலகமே அழிகிற கதை அது.

ஸ்டிக்கர் அட்டவணை

இந்த வகுப்பில் பதினான்கு பிள்ளைகள் அதே கதையைக் கேட்டார்கள். மற்றவர்கள் மழையைக் கண்டு அழவில்லை. இவள் மட்டும் ஏன்? தனியாக வெளியே நின்றது ஒரு காரணம். தம்பி இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் வாரா வாரம் "நல்ல பிள்ளை"யை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தோம். அந்த எண்ணிக்கையை முழுமனதோடு நம்பியவள் இவள். அட்டவணையின் கடைசியில் இருந்த பையனுக்கு ஒரு ஸ்டிக்கர் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுமில்லை. முதலிடத்தில் இருப்பவளுக்குத்தான் இழப்பதற்கு நிறைய இருந்தது. சங்கீதம் முழுவதையும் ஒப்பித்த பிள்ளை, மேய்ப்பர் தன்னைத் தேடுவார் என்று ஒருநாளும் நம்பியிருக்கவில்லை. வசனம் வாயில் இருந்தது, பயம் வயிற்றில் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

ஒப்பித்தலும் பரிசும் நமக்கு எங்கிருந்து வந்தன என்று யோசித்தால், ஞாயிறு பள்ளியின் பிறப்பே வேறு தேவைக்காக. இங்கிலாந்தின் க்ளாஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் தொடங்கியபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளில் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் நோக்கம். அதற்கு வேதாகமம் பாடநூல். அடுத்த நூற்றாண்டில் வசனம் ஒப்பித்தால் வண்ணச் சீட்டு, சீட்டு சேர்ந்தால் பரிசுப் புத்தகம் என்ற முறை பரவியது. எழுத்தே தெரியாத மூன்று வயதுப் பிள்ளைகளின் அறைக்குள்ளும் அதே பள்ளிக்கூட முறையை நாம் கொண்டுவந்துவிட்டோம்.

பரிசின் இன்னொரு பக்கத்தை 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் காட்டினார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்துகொண்டிருந்தார்கள். ஆசையாகச் செய்ததைக் கூலிக்குச் செய்வதாக மாற்றிவிடுகிறோம். ஜெபத்துக்கும் வேதத்துக்கும் இதைச் செய்யலாமா என்ற கேள்வி அதன்பின் என்னைத் தூங்கவிடவில்லை.

செய்தவை

முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பறையில் அல்ல, வராந்தாவில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது. அவள் கண்மட்டத்துக்கு முழங்காலிட்டு உட்கார்ந்து, "அன்னிக்கு விளையாட்டில் உன்னை வெளியே வெச்சுக் கதவை மூடிட்டோம். அது எங்க தப்பு. அப்படி ஒரு விளையாட்டை நான் வெச்சிருக்கக் கூடாது" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "என் செருப்பு வார் கழண்டுடுச்சு."

அவ்வளவுதான். ஐந்து வாரமாக அந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. சொன்னபடி கேட்காமல் நின்றவள் அல்ல அவள். ஓட ஆசைப்பட்டாள், வார் கழன்றுவிட்டது, கதவு மூடிவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "ஓ, வார் கழண்டுடுச்சா! அதை நாங்க பார்க்கலையே. பார்த்திருந்தா உனக்காகக் காத்திருந்திருப்போம்" என்றேன். அவள் காலை நீட்டிக் காட்டினாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள்.

அடுத்த நான்கு வாரம் தாய் வகுப்பிலேயே உட்கார்ந்தார். யாராவது ஒருவர் வெளியே விடப்படும் விளையாட்டுகளை எல்லாப் பிள்ளைகளுக்குமே நிறுத்தினோம். அறைக் கதவு இனி வகுப்பு நேரத்தில் திறந்தே இருக்கும், சின்னவர்கள் ஓடிவிடாமல் குறுக்கே ஒரு தாழ்வான தடுப்பு வைத்தோம். எப்போதும் இரண்டு பெரியவர்கள் அறையில் இருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது என்ற பாதுகாப்பு விதிக்கும் திறந்த கதவு பொருந்தியே வந்தது. அந்த விதி எங்களிடம் காகிதத்தில் மட்டும் இருந்தது. இந்தச் சம்பவத்தைச் சாக்காக வைத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தோம்.

பாடத்தில் செய்த மாற்றம்தான் பெரியது. ரோமில் 1954இல் சோஃபியா கவல்லெட்டி என்ற வேத அறிஞரும் ஜியானா கோபி என்ற மாண்டிசோரி ஆசிரியையும் சேர்ந்து சின்னப் பிள்ளைகளோடு தொடங்கிய ஒரு முறை இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மறுபடி மறுபடி இழுத்தது நல்ல மேய்ப்பனின் உருவம் என்று அவர்கள் கண்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற, முன்னால் நடக்கிற ஒருவர். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். பச்சைத் துணி ஒன்று, மரத்தில் செய்த பத்து ஆடுகள், ஒரு மேய்ப்பன், குச்சிகளால் ஆன தொழுவம், அதற்குத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு வாசல். கதை ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. மெதுவாகச் சொல்லி, ஆடுகளை மெதுவாக நகர்த்தி, நடுவில் மௌனமாக இருந்து. நான்கு ஞாயிறும் அதே கதை. முதலில் எனக்கே பயம், பிள்ளைகளுக்குச் சலித்துவிடும் என்று. சலித்தது நான்தான். அவர்கள் இரண்டாம் வாரம் முதல் வாரத்தைவிட அதிகமாகக் குனிந்து பார்த்தார்கள்.

கதைக்குப் பிறகு நீதி சொல்வதை நிறுத்தினேன். ஜெரோம் பெரிமன் என்ற அமெரிக்கக் குருவானவர் வளர்த்த முறையில் வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டோம். இந்தக் கதையில் உனக்கு எது ரொம்பப் பிடித்தது? எது ரொம்ப முக்கியம்? இதில் நீ எங்கே இருக்கிறாய்? சரியான பதில் என்று ஒன்று கிடையாது. எது சொன்னாலும் தலையசைத்துக் கேட்டுக்கொள்வோம். பழகும்வரை இது கஷ்டம். பிள்ளை ஒன்று சொன்னதும் திருத்த வாய் துடிக்கும்.

கூட்டத்தில் எழுந்த எதிர்ப்பு

எங்களில் மூத்த ஆசிரியை ஒருவர் முப்பது ஆண்டுக்கு மேல் ஞாயிறு பள்ளியில் உழைத்தவர். நானே அவரிடம் படித்தவள்தான். அவர் நேராகக் கேட்டார்: "வேதத்தில் இருக்கிறதை நாம கத்தரிக்கலாமாம்மா? நாளைக்கு இந்தப் பிள்ளைங்க நியாயத்தீர்ப்புன்னா என்னன்னே தெரியாம வளரும். ஆடு மட்டும் தெரியும்."

அவர் சொன்னதில் கனம் இருக்கிறது. பயமே இல்லாத ஒரு உலகத்தில் பிள்ளைகள் வாழவில்லை. தாத்தா இறந்துபோகிறார், அப்பா வேலையிழக்கிறார். கஷ்டமான எதையும் தொடாத வேதபாடம் அவர்களுக்கு உதவாது. நோவா கதையில் வெள்ளத்தை எடுத்துவிட்டு மிருகங்களை மட்டும் வைத்தால் அது பொய்யான கதை. இதில் அவரும் நானும் ஒன்றுபட்டோம். ஆகவே பாதிக் கதை சொல்வதில்லை, முழுக் கதையையும் ஏழு வயது வகுப்புக்குத் தள்ளுவோம் என்று தீர்மானித்தோம். அங்கே மனுஷருடைய அக்கிரமத்தைக் கண்டு தேவனுடைய இருதயம் விசனப்பட்டது என்ற 6:6இலிருந்து தொடங்கி உடன்படிக்கை வரை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். சிலுவைப் பாடத்தைப் பாலர் வகுப்பிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் மரணத்தைச் சொல்லும் நாளிலேயே உயிர்த்தெழுதலையும் சொல்லி முடிப்பது, ஒரு வாரம் கல்லறையில் விட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இது அந்த மூத்த ஆசிரியை சொன்ன யோசனை. இந்த ஆண்டில் எடுத்த முடிவுகளில் இதைத்தான் நான் மிக நல்லதாக மதிக்கிறேன்.

ஸ்டிக்கர் அட்டவணையைக் கழற்றுவதில் மட்டும் நாங்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. மனப்பாடம் இல்லாவிட்டால் பெரியவனானதும் மனதில் என்ன எஞ்சும் என்பது அவர் கவலை. மனப்பாடத்தை நிறுத்தவில்லை, கூலியைத்தான் நிறுத்துகிறோம் என்பது என் வாதம். வசனத்தைப் பாட்டாகவும் செய்கையாகவும் எல்லோரும் சேர்ந்தே சொல்வது என்று வைத்தோம். அவர் அரைமனதோடு சரி என்றார்.

பிறகு நடந்தது

மூன்றாம் வாரம், கதை முடிந்து பிள்ளைகள் ஆடுகளைத் தொட்டு விளையாடும் நேரத்தில், அவள் முதன்முறையாகத் துணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆடுகளைத் தொடவில்லை. தொழுவத்தின் வாசலைக் கழற்றினாள். அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டு மூடியையும் மூடினாள். பிறகு வந்து தொழுவத்தில் வாசல் இருந்த இடைவெளி வழியாக ஓர் ஆட்டை உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று நகர்த்திக்கொண்டே இருந்தாள். வகுப்பு முடியும்வரை அதையே செய்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளே பெட்டியிலிருந்து வாசலை எடுத்து வந்தாள். பத்து ஆடுகளையும் எண்ணி உள்ளே வைத்தாள். வாசலை மாட்டவில்லை, அதைத் துணியில் படுக்க வைத்துவிட்டு அந்த இடைவெளியில் மேய்ப்பனை நிறுத்தினாள். "இவர் இங்கேயே நிப்பாரு. யாராவது லேட்டா வந்தா இவருக்குத் தெரியும்" என்றாள். "நானே வாசல்" என்ற யோவான் பத்தாம் அதிகார வசனம் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அந்த வசனத்தைப் பிள்ளை தானாகவே செய்து காட்டிவிட்ட பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது. வசனத்தை இரண்டு மாதம் கழித்து எல்லோருக்கும் பாட்டாகக் கற்றுக்கொடுத்தபோது, அவள் துணி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மழைப் பயம் ஒரே நாளில் போகவில்லை. மன்னிப்புக் கேட்ட நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் இருந்தது, இடி இடித்தால் அதற்குப் பிறகும் கொஞ்சம். "நல்ல பிள்ளையா" என்ற கேள்வி அதற்கு முன்பே நின்றுவிட்டது என்று தாய் சொன்னார். அவருக்கு நாங்கள் கொடுத்த ஒரே ஆலோசனை, அந்தக் கேள்விக்கு "ஆமாம், நல்ல பிள்ளை" என்று தீர்ப்புச் சொல்லாமல், "நீ என் பிள்ளை. தம்பியைத் தள்ளின அன்னிக்கும் என் பிள்ளை" என்று சொல்லச் சொன்னது.

இழப்புகளும் உண்டு. வசனம் சொல்வது வகுப்பு முழுக்கக் குறைந்தது. தனியாக எழுந்து நின்று சொல்லக்கூடிய பிள்ளைகள் ஆண்டு முடிவில் முந்தைய ஆண்டைவிடக் குறைவு. இரண்டு பெற்றோர் வருத்தப்பட்டார்கள். அதில் ஒருவர் பிள்ளையை மற்றொரு வகுப்புக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டார். ஸ்டிக்கருக்காகவே வாய் திறந்துகொண்டிருந்த ஒரு பையன் ஆறு வாரம் எதிலும் சேராமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். பிறகு ஆடுகளை அடுக்கிவைக்கும் வேலையைத் தானாக எடுத்துக்கொண்டான். இன்றும் வசனம் சொல்வதில்லை.

இவள் மாறியதற்கு எது காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தாய் நான்கு வாரம் பக்கத்தில் உட்கார்ந்ததே போதுமான மருந்தாக இருந்திருக்கலாம். புதுப் பாப்பாவோடு பங்குபோட வேண்டியிருந்த அம்மா, வாரத்தில் முக்கால் மணி நேரம் முழுதாக அவளுக்குக் கிடைத்தாரே. தம்பி வளர வளர பயமும் தானே குறைந்திருக்கலாம். ஒரே ஒரு பிள்ளையை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. பயம் எங்கள் அறையில்தான் மழையோடு முடிச்சுப் போடப்பட்டது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்த மாதம் அவள் அடுத்த வகுப்புக்குப் போகிறாள். அங்கே ஒரு வருடத்துக்குள் நோவா பாடம் வரும். புது ஆசிரியருக்கு நான் எழுதிக் கொடுத்த தாளில் மூன்று விஷயங்கள்தான் இருந்தன. பாடத்துக்கு முந்தின வாரமே தாயிடம் சொல்லிவிடுங்கள். நீலத் துணி வேண்டாம். கதவை யார் அடைத்தார் என்று அவள் நிச்சயம் கேட்பாள், அப்போது அவசரப்படாமல் அவள் கேட்டு முடிக்கும்வரை காத்திருங்கள்.